மூலையில் கிடந்த சிறிய எண்

அன்பிற்குரிய துறை ஆசிரியர்களுக்கும் தோழமைகளுக்கும்,

ஆய்வேட்டை நேற்று மாலை ஒப்படைத்துவிட்டேன். அதற்கு முந்தைய மூன்று நாள்களில் நான் பட்ட பாட்டை நீங்கள் அருகிலிருந்து பார்த்தவர்கள். அதை இங்கே மீண்டும் விவரிக்கப் போவதில்லை. உடன் விழித்திருந்த விடுதித் தோழிகளுக்கும், நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்த இளையவர்களுக்கும், கெடுவை ஒரு நாள் நீட்டித்துத் தந்த வழிகாட்டிக்கும் என் நன்றி உரியது. ஆயினும் இம்மடலை எழுதவைத்தவர் நம் ஆய்வக உதவியாளர் அண்ணன்.

அன்றிரவு ஆய்வகத்தைப் பூட்டுவதற்காகச் சாவியுடன் வந்து நின்றவர், என் திரையை எட்டிப் பார்த்தார். தலா 10 ஆம்பியர் உச்சமுள்ள மூன்று ஃபேஸ் (மின்சாரம் கொண்டுவரும் கம்பி) மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை, அதாவது பொதுத் திரும்பு கம்பியான நியூட்ரலில் ஓடும் மின்னோட்டம், அதில் வரையப்பட்டிருந்தது. 120 பாகை இடைவெளியில் அமைந்த மூன்று சமமான சைன் அலைகளைக் கூட்டினால் சுழி வரவேண்டும். என் படத்திலோ ரம்பப் பற்களைப் போன்ற கோடு மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தது. அந்தப் பற்களுக்குக் காரணம் தேடி இரண்டு பக்கங்கள் எழுதியும் வைத்திருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். "ஏம்மா, அந்த மேல் மூலையில பொடியா ஏதோ எழுதியிருக்கே, அது என்ன?" என்று கேட்டார். அச்சின் தலைமாட்டில் இருந்தது 10-இன் மைனஸ் 14 ஆம் அடுக்கு; அச்சிலுள்ள எண்களை அதனால் பெருக்கிப் படிக்க வேண்டும். அத்தனை பற்களும் கணினி தசமங்களைத் தோராயப்படுத்தியதில் மிஞ்சிய தூசு.

அச்சின் எல்லையை நாம் குறிப்பிடாவிட்டால், பைத்தான் மொழியில் படம் வரையப் பயன்படும் மேட்பிளாட்லிப், தரவின் சிறும மதிப்பையும் பெரும மதிப்பையும் கண்டு, இருபுறமும் 5 விழுக்காடு இடம் விட்டு, படத்தை நிரப்பிவிடுகிறது. தூசு மட்டுமே இருந்தால் தூசையே மலையாக்கிக் காட்டுகிறது. இதற்கு நேர்மாறான கோளாறு டேன் சார்பில் நேர்கிறது: π/2-க்கு மிக அருகில் விழும் ஒரே புள்ளி 10-இன் 16 ஆம் அடுக்குவரை எகிற, எஞ்சிய வளைவு முழுவதும் தரையோடு தட்டையாகிவிடுகிறது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் காலமுறைச் சார்பை வரைபவருக்கு இதில் சாக்குச் சொல்ல வழியில்லை. சைன் அலையின் வீச்சும் காலமும் வரைவதற்கு முன்பே கையில் இருப்பவை. செங்குத்து அச்சை −12 முதல் 12 ஆம்பியர் வரை என்று நானே எழுதிய நொடியில், கோடு சுழியில் அமைதியாகப் படுத்துக்கொண்டது. கிடை அச்சையும் அப்போதே திருத்தினேன்: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி என்பதால், ஒரு நொடி முழுவதையும் அடைத்து மை பூசிய சுவர்போல் நின்ற 50 சுற்றுகளுக்குப் பதிலாக, 0 முதல் 40 மில்லிநொடி வரை இரண்டே சுற்றுகளை வைத்தேன்.

இனி எந்த அலையை வரைந்தாலும், இரு அச்சுகளின் எல்லைகளையும் நானே எழுதிய பிறகுதான் நிரலை ஓட்டுவேன் என்று உங்கள் முன்னிலையில் உறுதியளிக்கிறேன்.

அண்ணனுக்கு ஒரு பிரதி கொடுத்தபோது, படங்களை மட்டும் புரட்டிவிட்டு, "எண்ணையெல்லாம் கொஞ்சம் பெரிசாப் போட்டிருக்கலாம்மா, கண்ணாடி போட்டும் தெரியல" என்றார். அச்சு எண்களின் எழுத்தளவை 10 புள்ளியிலிருந்து 14 ஆக உயர்த்தி, அவருக்கென மறுபடி அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவி