முள்ளு மீற்றரைக் கழித்துவிடாதீர்கள்

மலையகத் தொழிற்பயிற்சி நிலையங்களின் மின்துறைப் போதனாசிரியர்களுக்கு,

வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் வயரிங் வேலை செய்து பிழைப்பவன் நான். உங்கள் நிலையமொன்றில் முள்ளு மீற்றர்களை (வோல்ட், ஓம் அளவை முள் அசைந்து காட்டும் பழைய அனலாக் மல்டிமீற்றர்களை) கழிவுச் சாமான் பட்டியலில் சேர்த்துவிட்டு, இனி இலக்கத்தில் காட்டும் டிஜிட்டல் மீற்றர் மட்டும்தான் என்று முடிவாகியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த மடல்.

போன ஆனி மழையில் ஒரு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) போயிருந்தேன். எனக்கு முன்பே, பயிற்சி முடித்த ஒரு தம்பி அங்கே அரை நாளாய்ச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, லைட் எரியல. ஆனா வயருல 80 வோல்ட் காட்டுது. ஈரச் செவுத்துல லீக் அடிக்குது போல" என்றான். அவன் கையில் இருந்தது புத்தம்புது டிஜிட்டல்.

என் முள்ளு மீற்றரை 250 வோல்ட் எல்லையில் (அதிகபட்சம் 250 வரை அளக்கும் நிலையில்) வைத்தேன். 18 காட்டியது. 50க்கு மாற்றினேன், முள் நாலுக்கும் கீழே விழுந்தது. உண்மையான மின்சாரம் எல்லையை மாற்றினால் இப்படிச் சரியாது. கூரைக்குள் எலி கடித்து வயர் அறுந்து கிடந்தது. பக்கத்துக் காம்பராவுக்கு (அறைக்கு) போகும், மின்சாரம் உள்ள லைவ் வயர் அதே கேசிங்கில் (வயர் ஓடும் உறையில்) ஒட்டி ஓடியதால், கொள்ளளவத்தின் வழியே, அதாவது வயர்கள் தொடாமலே, வந்த வெறும் பேய் வோல்ட் அது.

டிஜிட்டலின் உள்தடை (மீற்றருக்குள்ளேயே இருக்கும் தடை) பொதுவாக 10 மெகா ஓம். அவ்வளவு பெரிய தடைக்கு மிகக் கொஞ்ச மின்னோட்டமே போதும் என்பதால் இந்தப் பேயையும் வோல்டாகக் காட்டிவிடும். என் மீற்றரின் முகத்தில் ஏசிக்கு வோல்டுக்கு 8 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 250 எல்லையில் 2 மெகா ஓம், 50இல் 0.4 மெகா ஓம்தான். அந்தச் சுமையைப் பேயால் தாங்க முடியாது. (முதலில் பெரிய எல்லையில் பார்க்காமல் 50க்குப் போனால், வயரில் உண்மையான மின்சாரம் இருந்தால் மீற்றர் எரியக்கூடும். இதையும் சொல்லிக் கொடுங்கள்.) உள்தடையைக் குறைக்கும் வசதியுள்ள டிஜிட்டலும் கடையில் உண்டு, விலையைக் கேட்டால் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள்.

பற்றரி விஷயமும் இருக்கிறது. பற்றரி இறங்கினால் பல டிஜிட்டல்கள் கூட்டிக் காட்டும். இலக்கம் மட்டும் தெளிவாய் நிற்கும், பார்ப்பவனும் நம்பிவிடுவான். முள்ளு மீற்றருக்கு வோல்ட் பார்க்கப் பற்றரியே வேண்டாம், ஓமுக்குத்தான் வேண்டும். நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) தளர்ந்திருந்தால் காற்று அடிக்கும்போது முள் ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம்; டிஜிட்டலில் இலக்கங்கள் மாறி மாறி ஓடும், ஒன்றும் பிடிபடாது.

முள்ளுதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. கீழே விழுந்தால் அதன் கதை முடிந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அளவு தப்பும். 250 எல்லையில் பத்து வோல்ட் பிசகுவது சாதாரணம். லயத்தின் கடைசிக் காம்பராவில் எத்தனை வோல்ட் குறைகிறது என்று பார்க்க நானே டிஜிட்டலைத்தான் எடுப்பேன்.

கேட்பது இவ்வளவுதான்: ஒரு மேசைக்கு ஒரு முள்ளு மீற்றராவது இருக்கட்டும். அறுந்த வயர் ஒன்றை, செம்பு செம்பைத் தொடாமல், உறையோடு லைவ் வயரின் பக்கத்தில் ஒட்டிக் கட்டி, இரண்டு மீற்றராலும் பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். வயர் செத்துவிட்டது (மின்சாரம் இல்லை) என்று சொல்லுமுன் மீற்றரைத் தெரிந்த லைவில் ஒருமுறை, பார்த்து முடித்தபின் மறுபடி ஒருமுறை வைத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பரீட்சையில் புள்ளி போட்டுப் பழக்குங்கள்.

கழித்த மீற்றர்கள் இன்னும் ஸ்டோரில் கிடந்தால் சொல்லியனுப்புங்கள். முள் ஒட்டியவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சரிபார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு வயரிங்காரன்