எந்த நாள், எத்தனை மணி?

ஆசிரியருக்கு,

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, இலங்கையின் ஒரு தமிழ் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி. பெயர் இங்கே வேண்டாம். கொழுந்து பறிப்பவர் வேடத்தில், முதுகில் கூடையும் இடுப்பில் படங்குமாக ஒருவர் வந்து நின்றதும் நாங்களும் சிரித்தோம், ஏன் பொய் சொல்ல வேண்டும். அப்புறம் தேயிலைத் தோட்டத்து மக்களை இழிவுபடுத்தும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் வந்தது, ஒரு தடவை அல்ல, மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் பின்னால் சிரிப்புச் சத்தம் வேறு. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த அம்மா ஒன்றும் பேசவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார், படம் மட்டும் ஓடியது.

மறுநாள் எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொதிப்பு. இரண்டு நாளில் அடங்கிவிட்டது. நான் நிலையத்துக்குக் கோல் எடுத்தேன். "எந்த நாள், எத்தனை மணிக்கு?" என்றார்கள். எட்டா எட்டரையா என்று தடுமாறினேன், "பார்க்கிறோம்" என்று வைத்துவிட்டார்கள். அதில் பாதிப் பிழை என்னுடையது. திகதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், சொன்ன சொல் அப்படியே, நமக்கு என்ன வேண்டும் (மன்னிப்பா, யூடியூபிலிருந்து நீக்குவதா) என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால்? உங்கள் பத்திரிகை பிழை விட்டால் 2003 முதல் இயங்கும் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் அப்படியொன்று இல்லை. 1997இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபை அமைக்க வந்த சட்டமூலத்தை, அது அரசின் பிடியில் இருக்கும் என்று உயர் நீதிமன்றம் மறுத்தது. சரியான தீர்ப்புத்தான், ஆனால் அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதச் சொன்னார் ஒருவர். அவர்கள் பார்ப்பது அலைக்கற்றையை, அதில் பேசுவதை அல்ல.

மிஞ்சியது வெகுசன ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சு. தனியார் தொலைக்காட்சிகளுக்கு 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைச்சர்தான் அனுமதி கொடுக்கிறார். அதனால் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்து அமைச்சின் செயலாளருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஊடகத்தைப் பற்றி அரசாங்கத்திடம் போய் முறையிடுவது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது, வேறு கதவு இல்லையே. அங்கேயும் சத்தமில்லை என்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 'என் முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது' என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

நிலையத்துக்கான கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை தபால் கந்தோரில் கொடுத்தேன். அம்மாவும் கையெழுத்துப் போட்டார். போடும் முன் ஒரு கேள்வி: "முதல்ல நாமளும் சிரிச்சோமே, அத எழுதினியா?"

எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தலவாக்கலை