பதினெட்டு நிறைந்தும் கைக்கு வராத வைப்புத்தொகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்கள், 18 வயது நிறைந்தும் முதிர்வுத் தொகையைப் பெறாமல் இருந்தால் உரிய ஆவணங்களுடன் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று மாவட்ட ஆட்சியர்களின் செய்திக்குறிப்புகள் அவ்வப்போது நாளிதழ்களின் உள்பக்கங்களில் வெளியாகின்றன. தன் பெயரில் அரசு செலுத்திய வைப்புத்தொகைக்கு ஒரு பத்திரம் இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்னும்போது, இத்தகைய அறிவிப்பு யாருடைய கண்ணில் படப்போகிறது என்பதே என் கேள்வி.

1992-இல் தொடங்கிய இத்திட்டம் 2001-இல் மாற்றியமைக்கப்பட்டபோது, ஒரே பெண் குழந்தை உள்ள குடும்பத்துக்கு 22,200 ரூபாயும், இரு பெண் குழந்தைகள் மட்டும் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் 15,200 ரூபாயும் வைப்பாகச் செலுத்தப்பட்டன. 2011 ஆகஸ்ட் முதல் அவை முறையே 50,000 ரூபாயாகவும் 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. மக்கள் சுருக்கமாகப் ‘பவர் பைனான்ஸ்’ என்று சொல்லும் தமிழ்நாடு மின்விசை நிதி மற்றும் அடிப்படை வசதி மேம்பாட்டுக் கழகத்தில் இருக்கும் இத்தொகை, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, 18 வயது நிறைந்ததும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதியிருந்தால், வட்டியுடன் வழங்கப்பட வேண்டியது. 2001-ஐ ஒட்டிப் பிறந்த பெண்கள் இன்று இருபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். பலருக்குத் திருமணமும் ஆகியிருக்கும்.

பத்திரம் மறந்துபோவதற்கு வீடு மாறியது, வெள்ளத்தில் பெட்டி நனைந்தது போன்ற வழக்கமான காரணங்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால் பலர் வெளியே பேசாத காரணம் ஒன்றும் உண்டு. ஆண் வாரிசு இல்லாதிருப்பதும், பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருப்பதும் இத்திட்டத்தின் நிபந்தனைகள். அதனால் எத்தனையோ வீடுகளில் இது ‘ஆபரேஷனுக்குக் கொடுத்த பணம்’ என்றே மனத்தில் பதிந்துவிட்டது. மகளின் படிப்புக்கும் எதிர்காலத்துக்கும் உரிய அவளுடைய பணம் இது என்ற எண்ணம் வேரூன்றவில்லை. ஆகவே மகளிடம் அதைப் பற்றிச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. தாய் காலமாகியோ தந்தை பிரிந்தோ போன குடும்பங்களில், விவரம் அறிந்த கடைசி ஆளும் இல்லாமல் போகிறார்.

நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், பிளஸ் டூ மாணவி ஒருவரின் தாயார், மஞ்சள் பைக்குள் குடும்ப அட்டையோடும் வீட்டு வரி ரசீதுகளோடும் மடித்து வைத்திருந்த பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதில் குழந்தையின் பெயர், தொட்டில் பருவத்தில் வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயராக இருந்தது. பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர். மதிப்பெண் சான்றிதழிலோ அந்தப் பெயரே எழுத்து மாறி, தந்தையின் ஆங்கில முதலெழுத்துக்குப் பதிலாகத் தமிழ் முதலெழுத்தோடு இருந்தது. மூவரும் ஒருவரே என்று உறுதிப்படுத்துவதற்குள் அந்தத் தாய் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டியதாயிற்று. பத்திரம் பத்திரமாகக் கையில் இருந்தவருக்கே இந்த நிலை என்றால், அதைத் தொலைத்தவர் என்ன செய்வார்?

தொலைத்தவர்கள் கைவிட்டுவிட வேண்டியதில்லை. வைப்பு விவரம் அரசின் பதிவேட்டிலும் மின்விசை நிதிக் கழகத்தின் கணக்கிலும் இருக்கிறது; பத்திரம் அதற்கான அத்தாட்சி மட்டுமே. விண்ணப்பித்தபோது குடும்பம் எந்த மாவட்டத்தில் வசித்ததோ அந்த மாவட்டத்தின் சமூக நல அலுவலகத்தைத்தான் முதலில் அணுக வேண்டும். இப்போது வசிக்கும் ஊரின் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பதிவு இல்லை என்று நினைத்துத் திரும்புவோர் உண்டு. பெற்றோர் பெயர், குழந்தையின் பிறந்த தேதி, விண்ணப்பித்த ஏறத்தாழ சரியான ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போனால் பதிவேட்டில் தேடுவது எளிதாகும். ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது வங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளைத் தேடுவதற்கானது. இந்த வைப்பு வங்கியில் இல்லாததால் அங்கே தென்படாது.

தாத்தா பாட்டிமார் பேரக்குழந்தைகள் பெயரில் அஞ்சலகத்தில் வாங்கி வைத்த தேசிய சேமிப்புப் பத்திரம், கிசான் விகாஸ் பத்திரம் ஆகியவற்றுக்கும் உத்கம் தளம் உதவாது. அவற்றை வாங்கிய அஞ்சலகத்திலேயே பெயரையும் ஆண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும்; தொலைந்த பத்திரத்துக்கு, பின்னால் இழப்பு நேர்ந்தால் ஈடுசெய்வதாக உறுதி கூறும் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக்கொடுத்து நகல் பெற விதிகளில் இடமுண்டு. 1999-இல் நிறுத்தப்பட்ட இந்திரா விகாஸ் பத்திரம் மட்டும் இதற்கு விலக்கு. அதில் உரிமையாளர் பெயரே எழுதப்படுவதில்லை என்பதால், அது தொலைந்தால் ரூபாய் நோட்டு தொலைந்ததற்குச் சமம். நீண்ட காலம் கேட்கப்படாத சிறுசேமிப்புத் தொகைகள் மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்பட்டாலும், அதன்பின் 25 ஆண்டுகள் வரை உரியவர் உரிமை கோரலாம். இதை அறியாமல் பழைய பத்திரங்களைக் கிழித்துப் போடுகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

தனியார் வாங்கிய பத்திரத்தைத் தேடுவது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு என்பதை ஏற்கலாம். அரசே குழந்தையின் பெயரில் செலுத்திய தொகைக்கும் அதே நியாயத்தைச் சொல்ல முடியாது. குழந்தையின் பிறந்த தேதி அரசின் கையில் இருக்கிறது. ஆகவே அவர் என்றைக்கு 18 வயதை எட்டுவார் என்பது பத்திரம் வழங்கிய நாளிலேயே தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாரா என்பதைத் தேர்வுத் துறையும், இப்போது எந்தப் பள்ளியில் படிக்கிறார் என்பதைப் பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ என்னும் மாணவர் விவரப் பதிவும் சொல்லிவிடும். மூன்று துறைகளின் கோப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாததால்தான் அந்தப் பெண் தேடித் திரிய வேண்டியிருக்கிறது.

ஆகவே சமூக நலத் துறை, ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பிளஸ் டூ மாணவிகளில் இத்திட்டப் பயனாளிகள் யார் யார் என்ற பட்டியலைத் தலைமையாசிரியர்களுக்கு அனுப்ப வேண்டும். மாணவி பள்ளியில் இருக்கும்போதே பெயர் வேறுபாடுகளைச் சரிசெய்து, வங்கிக் கணக்கையும் தொடங்கிக் கொடுத்துவிட்டால், வயது நிறைந்ததும் தொகையை நேரே வரவு வைக்கலாம், இடைத்தரகர்களுக்கும் வேலையிராது. பள்ளியை விட்டு ஏற்கெனவே போய்விட்டவர்களைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்குத் தாய், மகள் இருவர் பெயரிலும் பதிவஞ்சல் அனுப்ப வேண்டும். அது திரும்பி வந்தால் ஊராட்சிச் செயலரும் அங்கன்வாடிப் பணியாளரும் விசாரிக்கட்டும், அந்தக் குடும்பம் எங்கே குடிபெயர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இராது. பத்திரம் இல்லை என்று சொல்லி வரும் பெண்ணை அலுவலகங்கள் வாய்மொழியாகத் திருப்பி அனுப்பாமல், மனுவைப் பெற்று, பதிவேட்டைப் பார்த்து, வைப்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று துறை ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்