‘தன்னீர்’ என்று எழுதித் தந்த தாதிக்கு

கடந்த ஆண்டு கொழும்பிலுள்ள ஒரு மருத்துவமனையில், மல்டிபிள் மைலோமா என்னும் குருதிப் புற்றுநோய்க்காக, என் அம்மாவுக்கு குருதி அணுக்களை உருவாக்கும் அவரது சொந்தக் குருத்தணுக்களையே எடுத்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சை நடைபெற்றது.

மெல்பலான் என்னும் புற்றுநோய் மருந்து ஏறிய அன்று, வாய் குளிர்ந்திருந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அம்மருந்தால் வரும் வாய்ப்புண் குறையும் என்று சைகையாலும் தெரிந்த சில தமிழ்ச் சொற்களாலும் விளக்கி, பனிக்கட்டித் துண்டுகளைப் பொறுமையாக ஊட்டியவர் நீங்கள். அப்படியிருந்தும் வெள்ளணுக்கள் வீழ்ந்த நாட்களில் எச்சிலை விழுங்கவும் இயலாமல் அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார். நாங்கள் அவரது தனியறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். குருதி எண்ணிக்கையை எல்லோரும் விசாரித்தோம். இரவில் தூங்கினாரா என்று கேட்க எனக்கே தோன்றவில்லை.

அப்போதுதான், எவரும் கேளாமலே, ‘வலி’, ‘குளிர்’, ‘தன்னீர்’, ‘மகன்’ என நான்கு அட்டைகளில் சிங்கள எழுத்தின் உருட்சியோடு தமிழில் எழுதி, கிருமிநீக்கியால் துடைப்பதற்கு வசதியாகப் பொலித்தீன் உறையிலிட்டு, அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தீர்கள். அவர் ‘மகன்’ அட்டையைத் தொட்ட இரவுகளில் என்னை அழைத்து, அவர் பேசமாட்டார் என்று தெரிந்தும், தொலைபேசியைக் காதருகே பிடித்திருந்தீர்கள்.

வீடு திரும்பிய நாளில் உங்கள் பணிநேரம் முடிந்திருந்தது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைத் தவிர உங்களை எங்களுக்குத் தெரியாது. மிஸ், அம்மா இப்போது வெள்ளவத்தை வீட்டில் தாமே பிளேன்டீ ஊற்றிக் குடிக்கிறார். ‘தன்னீர்’ அட்டை குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது, எழுத்துப்பிழையைத் திருத்த அவர் எவரையும் விடுவதில்லை.