நகரத்தை விட்டு வெளியேறும் சைக்கிள் தடத் துண்டை முதலில் போடுங்கள்

நகரைச் சுற்றியுள்ள கிராமப்புறத்தில் சைக்கிள் சுற்றுலாத் தடங்கள் அமைக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

மோட்டார் வண்டி வராத தடம் போடுவது என்று முடிவெடுத்ததற்கு முதலில் நன்றி. பக்கப்பைகளை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர் சுற்றுகிற என்னைப் போன்றவர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். ஆனால் இந்த மாதிரித் திட்டங்களை அறிவிக்கிற விதம் எனக்குக் கவலை தருகிறது. "இத்தனை நூறு கிலோமீட்டர்" என்பதுதான் முதல் வரியாக வருகிறது. அப்புறம் அந்தக் கணக்கை நிரப்ப, எங்கே சுலபமோ அங்கே போட்டுவிடுகிறார்கள். வயல்வெளி நடுவில் அருமையான பாதை இருக்கும். நகரத்திலிருந்து அங்கே போய்ச் சேர லாரி பறக்கும் நெடுஞ்சாலையைத் தவிர வேறு வழி இருக்காது. விளைவு, சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, இறக்கி ஓட்டிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கார் வராத தடத்துக்கு வர, கார் வேண்டியிருக்கிறது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். நகர எல்லையைத் தாண்டுகிற அந்தச் சில கிலோமீட்டரை முதலில் கட்டுங்கள். சுற்றுச்சாலை, ரயில் கிராசிங், கிடங்குகள், தனியார் நிலம் எல்லாம் நெருக்கியடிக்கும் இடம் அது. செலவும் அங்கேதான், வழக்கும் அங்கேதான். எல்லோரும் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பதும் அதனால்தான். அமெரிக்காவில் கம்பர்லாந்தையும் பிட்ஸ்பர்க்கையும் இணைக்கும் கிரேட் அலெகேனி பாசேஜ் என்ற தடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பழைய ரயில் பாதை மேல் போட்ட சுமார் 240 கி.மீ. மலைப் பகுதியில் அதன் முதல் துண்டு 1986இல் திறந்தது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தையே சரிசெய்து 2006இல் திறந்துவிட்டார்கள். ஆனால் பிட்ஸ்பர்க்கை ஒட்டி, தண்டவாளத்துக்கும் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கும் இடையில் நெருங்கிக் கிடந்த சிறிய துண்டு 2013 வரை இழுத்துக்கொண்டே போனது. மலையைக் கடப்பதைவிட நகரத்துக்குள் நுழைவது கடினமாக இருந்திருக்கிறது.

கிராமப்புறப் பகுதிக்கு நீங்கள் புதிதாக நிலம் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. கைவிட்ட ரயில் பாதை, கால்வாய்க் கரை, வெள்ளத் தடுப்புக் கரை, பண்ணைச் சாலை இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே ஏற்கெனவே இருக்கும். நீராவி இன்ஜினால் செங்குத்தில் ஏற முடியாது என்பதால் ரயில் பாதையின் ஏற்றம் பொதுவாக நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. இருபது கிலோ மூட்டையோடு மிதிப்பவருக்கு இதைவிட நல்ல வழி யாரும் வரைந்து தர முடியாது. அந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டால் மட்டும் திரும்பச் சேர்க்கவே முடியாது. அமெரிக்கா 1983இல் இதற்காகச் சட்டத்தையே திருத்தியது. ரயில் நின்றுபோன பாதையை, பிற்காலத்தில் ரயில் திரும்ப வரலாம் என்ற கணக்கில் சிதறாமல் வைத்துக்கொண்டு, அதுவரை தடமாகப் பயன்படுத்தலாம். ஸ்பெயினில் கைவிட்ட ரயில் பாதைகளைத் தடமாக்கும் 'பசுமை வழிகள்' திட்டம் 1993இல் தொடங்கியது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரையும் பாத் நகரையும் இணைக்கும் ரயில் தடத்தை 1979 முதல் 1986 வரை பெருமளவு தன்னார்வலர்களே போட்டு முடித்தார்கள். இரண்டு நகரங்களிலும் மக்கள் வீட்டு வாசலிலிருந்தே அதில் ஏற முடிகிறது. அது கூட்டம் நிறைந்த தடமாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கால்வாய்க் கரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வாஷிங்டனில் தொடங்கும் செசபீக்-ஒஹையோ கால்வாயின் கரையில் கார்ச்சாலை போட ஒரு திட்டம் இருந்தது. 1954இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, சாலையை ஆதரித்த அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்களைத் தன்னோடு நடந்துவரும்படி அழைத்தார். சுமார் 297 கி.மீ. நடை. முழுதும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர்தான் என்றாலும், சாலை வரவில்லை. 1971இல் அது தேசியப் பூங்காவானது. இன்று சைக்கிள்காரர்கள் அந்தக் கரை வழியாக கம்பர்லாந்து வந்து, மேலே சொன்ன தடத்தைப் பிடித்து பிட்ஸ்பர்க் வரை போகிறார்கள். கடிதம் எழுதினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

சரி, தடுப்புகள். இதைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. பைக் வரக்கூடாது என்பதற்காகத் தடத்தின் வாயிலில் இரண்டு கம்பி வேலிகளை எதிரெதிராக நட்டுவிடுகிறீர்கள். வெறும் சைக்கிள் என்றால் அதில் வளைந்து நுழைந்துவிடலாம். என் சைக்கிளின் பின்சக்கரத்தில் இரு பக்கமும் பை, கைப்பிடியில் ஒரு பை, கேரியரில் சுருட்டிக் கட்டிய கூடாரம். முன்சக்கரம் உள்ளே போய்த் திரும்பும்போது பின் பை கம்பியில் மாட்டிக்கொள்ளும். பின்னால் இழுத்தால் பெடல் மாட்டும். கடைசியில் பைகளைக் கழற்றித் தரையில் வைத்து, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, திரும்ப வந்து பைகளை எடுத்துப்போய் மாட்ட வேண்டும். நானாவது தூக்கிவிடுகிறேன். கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வருபவரும், குழந்தையை டிரெய்லரில் வைத்து இழுத்து வருபவரும் அங்கேயே திரும்பிப்போக வேண்டியதுதான். பைக்கில் வரும் இளைஞனோ பக்கத்து வேலியில் இடைவெளி கண்டுபிடித்துப் போய்விடுகிறான். பிரிட்டன் அரசு 2020இல் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள வண்டி போக முடிய வேண்டும் என்கிறது. குட்டைத் தூண்களுக்கு இடையே 1.5 மீட்டராவது விடச் சொல்கிறது. இந்த மூன்று எண்களை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிடுங்கள்.

தளத்தைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். கல்தூளைப் போட்டு ரோலரால் இறுக்கினாலே போதும், மழைநீர் ஒரு பக்கமாக வடிந்துபோக லேசான சரிவு இருந்தால். மர வேர் கிளப்பிய தாரைவிட அது எவ்வளவோ மேல். பண்ணைச் சாலையில் டிராக்டர் வருமே என்று பயப்பட வேண்டாம். அது மெதுவாகத்தான் வரும். ஒதுங்கி நின்று கையசைத்துவிட்டுப் போவோம்.

வழிகாட்டிப் பலகைக்கு ஒரு நல்ல யோசனை ஏற்கெனவே இருக்கிறது. பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர், 1995இல் திறந்த தடவலையில் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் கொடுத்தார். போக வேண்டிய எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், அவரவருக்குப் பிடித்த சுற்றை அவரவரே போட்டுக்கொள்ளலாம். நெதர்லாந்து முழுதும் பரவிவிட்ட முறை இது. ஆனால் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே தடம் அறுந்திருந்தால் பலகை வைத்துப் பயனில்லை.

கிலோமீட்டர் கணக்கு என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பிரிட்டனின் தேசிய சைக்கிள் வலையமைப்பை நிர்வகித்த அமைப்பு 2020இல் அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை நீக்கியது அல்லது தகுதி குறைத்தது. காரணம், அவை வண்டிகள் விரையும் சாலைகளில் பலகை மட்டும் நட்டுத் 'தடம்' என்று பெயர் வைத்த பகுதிகள். அவர்கள் அப்படி ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். நீங்களும் அதே தவறைச் செய்துவிட்டுப் பிறகு திருத்த வேண்டாம்.

அடுத்த அறிக்கையில் மொத்த நீளத்துக்குப் பதிலாக இரண்டு விவரம் போடுங்கள். நகர மையத்திலிருந்து புறப்பட்டால் மோட்டார் வண்டியோடு கலக்காமல் எவ்வளவு தூரம் போக முடியும்? எந்தெந்த இடத்தில் தடம் அறுகிறது, அங்கே யார் பொறுப்பு? இரண்டாவது பட்டியலை வரைபடத்தோடு வெளியிட்டால், அதில் விடுபட்டதை நாங்களே வந்து சேர்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
மூட்டையோடு வரும் ஒரு சைக்கிள்காரர்