கரோல் செய்தது தியாகமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ‘தி வாக்கிங் டெட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2010 முதல் 2022 வரை 11 பருவங்களாக 177 அத்தியாயங்கள் ஓடிய ஒரு தொடரை அரைப் பக்கத்துக்குள் அடக்குவது எளிதன்று. கட்டுரையாளர் அதை நன்றாகவே செய்திருக்கிறார். ஆயினும், கூட்டம் பிழைக்க வேண்டுமானால் சிலரை இழக்கும் துணிவு வேண்டும் என்று சொல்லி, அதற்கு நான்காம் பருவத்தில் கரோல் என்ற பெண் செய்த காரியத்தை எடுத்துக்காட்டி, அதைத் தியாகம் என்று அவர் போற்றியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. நடைப்பிணங்களுக்கு அஞ்சி ஒரு சிறைச்சாலைக்குள் குடியேறிய மக்களிடையே கடுமையான சளிக் காய்ச்சல் பரவுகிறது. அந்த உலகில் எப்படி இறந்தாலும் பிணம் எழுந்து நடக்கும். கடிபட்டவர்கள் மட்டுமல்ல, உயிரோடிருக்கும் எல்லோருமே அந்தத் தொற்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எனவே இரவில் ஒருவர் காய்ச்சலால் இறந்தால், பக்கத்து அறையில் உறங்குபவருக்கும் விடியல் இல்லை. நோயுற்றவர்களைத் தனியே வைப்பதென்று சிறையை நடத்தும் ஐவர் குழு முடிவு செய்கிறது. அந்த ஐவரில் ஒருத்தியான கரோல், யாரிடமும் சொல்லாமல், நோய் கண்டு தனியே வைக்கப்பட்டிருந்த கேரன், டேவிட் ஆகிய இருவரையும் கொன்று, உடல்களை எரித்துவிடுகிறாள். அதற்கு முன்பே நோய் பரவிவிட்டிருந்தது என்பது விரைவிலேயே தெரிந்துவிடுகிறது.

பயன் கிட்டவில்லை என்பதற்காக மட்டும் நான் இதைக் குறை கூறவில்லை. அந்த இருவரோடு நோய் நின்றிருந்தாலும் என் கருத்து மாறாது. கரோல் கொடுத்தது எதை? தன் நிம்மதியை என்கிறார் கட்டுரையாளர், இருக்கலாம். ஆனால் கேரனின் மூச்சு கேரனுக்கு உரியது. அதை எடுத்துச் செலவிட்டுவிட்டு, செலவிட்டவளின் மன வேதனையைக் கணக்கில் முதலில் எழுதுவது என்ன நியாயம்?

அதே பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஹெர்ஷல் என்ற முதியவர், ஒரு காலை ஏற்கெனவே இழந்தவர், படிப்பால் கால்நடை மருத்துவர். காய்ச்சல் அவரைத் தொடவில்லை. வெளியே இருந்தால் தப்பலாம் என்பது அவருக்கும் தெரியும். எல்டர்பெர்ரிப் பழங்களைப் பறித்து வந்து கஷாயம் வைத்துக்கொண்டு, நோயாளிகள் அடைக்கப்பட்ட பகுதிக்குள் நுழைந்துவிடுகிறார். உள்ளே அவர் செய்வது எல்லாம் மிகச் சிறிய வேலைகள்: கஷாயம் ஊட்டுகிறார், மூச்சுத் திணறுபவருக்குக் குழாய் செருகி, கையால் அழுத்தும் காற்றுப்பையால் மூச்சுக் கொடுக்கிறார், இறந்தவரைத் தள்ளுபடுக்கையில் வெளியே கொண்டுபோய் முகத்தைத் துணியால் மூடிய பிறகே, எழுந்து நடக்காதபடி கத்தியைப் பாய்ச்சுகிறார். பிழைத்திருப்பவர்கள் அதைக் காணக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை சிரமம். மருந்து தேடிப் போனவர்கள் திரும்பும் வரை சிலரையாவது உயிரோடு நிறுத்தியது இந்த வேலைகள்தான். தொடரில் குண்டு வெடித்தும் பாலம் தகர்ந்தும் நடக்கும் தியாகங்களைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. படப்பிடிப்பில் அவ்வளவு எடுப்பாக இல்லாததால் விமர்சகர்கள் கண்ணில் படுவதில்லை போலும்.

இடையில் இன்னொரு காட்சியும் உண்டு. சிறைவேலி சாயும் வேளையில், நடைப்பிணங்களைத் திசை திருப்ப, தான் வளர்த்த பன்றிக்குட்டிகளைத் தொடரின் நாயகன் ரிக் ஒவ்வொன்றாக வெட்டி அவற்றின் முன் விடுகிறான். கங்கம்மா ஜாத்திரையில் பலியைப் பார்த்து வளர்ந்த எங்கள் சித்தூர்ப் பக்கத்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஆட்டுக்கும் பன்றிக்குட்டிக்கும் ஒப்பும் கணக்கை, அப்படியே கேரனுக்கும் டேவிட்டுக்கும் போடலாகாது என்பதை இங்கே யாரும் சொல்லாமலே அறிவார்கள்.

இதை ஏதோ கற்பனைக் கதை என்று ஒதுக்கிவிட எங்களால் முடியாது. 2020 ஏப்ரல் கடைசியில், கொரோனாவைத் தடுப்பதற்கென்று, குடியாத்தத்திலிருந்து பலமநேருக்கு வரும் சாலையிலும் பொன்னையிலிருந்து சித்தூருக்கு வரும் சாலையிலும் தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் குறுக்குச் சுவர் எழுப்பப்பட்டதும், கண்டனம் எழுந்த பின் சில நாட்களிலேயே அது அகற்றப்பட்டதும் தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். உயிர் போகும் நிலையில் வேலூர் மருத்துவமனையைத் தவிர வேறு போக்கில்லாத குடும்பங்கள் இந்தப் பக்கம் எத்தனையோ உண்டு. ஒரு பக்கத்தைக் காக்க மறுபக்கத்தின் நோயாளியைத் துறப்பதென்ற யோசனை, அந்தச் சிறைக்குள் கரோல் போட்ட கணக்குக்கு வெகு தொலைவில் இல்லை.

விலக்கி வைப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாரை உள்ளே விடாத வழக்கம் எங்கள் ஊர்களில் இருந்தது. அதே வீட்டுக்குள், பெரியம்மையில் முன்பே பிழைத்தவர்கள், மீண்டும் அந்த நோய் தங்களுக்கு வராது என்ற அனுபவ அறிவோடு, நோயாளியின் பாயருகே உட்கார்ந்திருப்பார்கள். கதவுக்கு வெளியே காவலும் உள்ளே ஓர் ஆளும் சேர்ந்ததுதான் அந்த ஏற்பாடு. சிறையில் ஐவர் குழு எடுத்த முடிவும் ஏறத்தாழ இதுவேதான்; ஹெர்ஷல் அதை நிறைவு செய்தார், கரோல் அதை முறித்தாள்.

கரோலைச் சிறையிலிருந்து விலக்கிய ரிக்கையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. குழுவைக் கேளாமல் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. அதே குழுவைக் கேளாமலேயே அவன் தீர்ப்பும் வழங்கிவிடுகிறான். கேரனை நேசித்த டைரீஸுக்குக் கொன்றது யாரென்று தெரியாமலே பல அத்தியாயங்கள் கழிகின்றன. பதினான்காம் அத்தியாயத்தில்தான், ஒரு தனி வீட்டில், கரோல் துப்பாக்கியை மேசைமீது அவன் பக்கம் தள்ளிவிட்டு, கேரனைக் கொன்றவள் தானே என்று சொல்லி, அவன் முடிவுக்காகக் காத்திருக்கிறாள். டைரீஸ் மன்னிக்கிறான், மறக்க மாட்டேன் என்கிறான். தங்கள் கட்டுரையாளர் கரோலிடம் தியாகத்தைத் தேடியிருந்தால், இந்த மேசையருகே தேடியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பலமநேர், சித்தூர் மாவட்டம்.