புளூ ஊசியைச் சித்திரை பிறப்பதற்குள் போட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடியில் நம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் சமயம்தான் தென் ஆப்பிரிக்காவில் நல்ல குளிர். பக்கத்து வீட்டில் நாலு பேர் படுத்த பிறகு, பெரியவர்கள் பலர் அப்போதுதான் புளூ ஊசி கேட்டு வருகிறார்கள். இங்கே புளூப் பருவம் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ தொடங்கிவிடும். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி ஊற இரண்டு வாரம் பிடிக்கும். அதனால் ஏப்ரல் நடுவில் சித்திரை பிறப்பதற்குள் போட்டுவிடுவதே சரி. தவறவிட்டவர்கள் ஜூனில் வந்தாலும் போட்டுக்கொள்ளலாம்.

"போன வருஷம்தான் போட்டேனே" என்பார்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய ஊசியின் பலமும் குறைந்துவிடுகிறது. பூமியின் தென் அரைக்கோளத்துக்கான ஊசியில் எந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகச் சொல்கிறது.

"ஊசி போட்டதால்தான் புளூ வந்தது" என்பதும் தவறு. இங்கே பெரியவர்களுக்குப் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அந்த இரண்டு வாரத்துக்குள் வேறு சளி தொற்றினால் பழி ஊசி மேல் விழுகிறது.

வயதானவர்களுக்கு இந்த ஊசி இளையவர்களுக்குப் போல் பலமாக வேலை செய்யாது, உண்மைதான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலையைக் குறைக்கிறது. புளூ நுரையீரலோடு நிற்பதில்லை. கனடாவில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், புளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு ஆபத்து ஆறு மடங்கு கூடியிருந்தது. சர்க்கரையும் இதய நோயும் நிறைந்த நம் குடும்பங்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதியவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமல் போகலாம். திடீர்க் குழப்பமும் தள்ளாடி விழுவதுமே முதல் அறிகுறியாக இருக்கும். ஒரு வாரம் படுத்தால் கால் தசை வற்றி, எழுந்து நடக்கவே துணை வேண்டியிருக்கும்.

செலவு அங்கேதான் தொடங்குகிறது. நம் தொழிலாளர் சட்டம் தரும் மூன்று நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு, பிள்ளைக்கு நோய் என்றால் கிடைக்கும். பெற்றோருக்கு நோய் என்றால் கிடையாது. மகளோ மருமகளோ ஆண்டு விடுப்பை அழிக்க வேண்டும், இல்லையேல் சம்பளத்தை இழக்க வேண்டும். ஊசியோ 65 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு கிளினிக்கில் இலவசம். அந்த வயது ஆகாதவர்களுக்கும் சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் இருந்தால் அங்கேயே கிடைக்கும். கிளினிக் கார்டைக் கையில் கொண்டுபோங்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உள்ளவர்கள் பார்மசிக்குப் போகுமுன் கேளுங்கள்; பல திட்டங்கள் உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கைத் தொடாமலே இதற்குப் பணம் கட்டுகின்றன.

போகும்போது தளர்ந்த கை உள்ள உடை போடுங்கள். இறுக்கமான ரவிக்கையை முழுதாக மேலே தள்ள முடியாமல் ஊசி இடம் மாறி இறங்கினால் கை வலி அதிகமாகும். தோளுக்குக் கீழே தசை தடித்த இடமே சரியான இடம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்கள் சிஸ்டரிடம் முன்பே சொல்லி, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அன்று நல்ல காய்ச்சல் இருந்தால் தணிந்த பின் வாருங்கள்.

கோயில் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு பக்கத்துக் கிளினிக்கில் பேசி, மார்ச் கடைசிக்கோ ஏப்ரல் தொடக்கத்துக்கோ நாள் வாங்குங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோன மருந்து உருகிய பின் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் வீண். ஆகவே குளிர்ப்பெட்டியை கிளினிக் ஆட்களே கையாளட்டும், யாரும் கூடுதல் ஐஸ் போட வேண்டாம். நீங்கள் பெயர், வயது, நோய், மாத்திரை எழுதிய பட்டியலும், ஊசிக்குப் பின் 15 நிமிடம் உட்கார நிழலும் நாற்காலியும் தயார் செய்தால் போதும். கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் இருப்பவர்களின் பெயரையும் பட்டியலில் சேர்த்து, வீட்டுக்கு வந்து போட முடியுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சமூகச் சுகாதாரப் பணியில் உள்ள ஒரு வாசகி
சாட்ஸ்வொர்த், டர்பன்